பழைய பைக்கில் ஒரு டேங்க் பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் தூரம்

பழைய பைக்கில் நெடுந்தூரம் போக ஆசைப்படுபவர்கள் முதலில் தேடுவது பெரிய டேங்கைத்தான். இருக்கிற டேங்க் பத்து, பன்னிரண்டு லிட்டர்தான் பிடிக்கும். அடுத்த பங்க் எங்கே வருமோ தெரியாது. அதனால் கூடுதலாக ஐந்து லிட்டராவது கையோடு கொண்டுபோக வேண்டும் என்று யோசனை ஓடும். அதில் தவறில்லை. ஆனால் பராமரிப்பு தள்ளிப்போன ஒரு பழைய வண்டியில், அந்த ஐந்து லிட்டர் தரப்போகும் தூரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வண்டிக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருக்கும். முதலில் அதை மீட்க வேண்டும். டேங்க், கேன் எல்லாம் அப்புறம்.

ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் ரேஞ்ச். எஞ்சினுக்கு உண்மையில் போய்ச் சேரும் லிட்டரை மைலேஜால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். இந்த இரண்டு எண்களையும் நாம் உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். டேங்கில் 12 லிட்டர் பிடிக்கும் என்று கையேட்டில் இருந்தால், அந்த 12 லிட்டரும் எஞ்சினுக்குப் போய்விடாது. வண்டி புதிதாக இருந்தபோது லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்திருந்தால், இன்று சாமான் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் போகும்போது அதே 40 வராது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொள்வோம். 12 லிட்டர் டேங்க். அதில் கடைசி 2 லிட்டர் ரிசர்வ். அந்த ரிசர்விலும் அடியில் அரை லிட்டர் எப்படியும் வெளியே வராது. நெடுஞ்சாலையில் இப்போதைய மைலேஜ் 30. டேங்க்கின் அடியில் துரு கிடப்பதால் ஓட்டுபவர் ரிசர்வைத் தொடப் பயப்படுகிறார். அப்படியானால் அவர் நம்பக்கூடிய ரேஞ்ச் 10 பெருக்கல் 30, அதாவது 300 கிலோமீட்டர். கையேட்டுக் கணக்குப்படி பார்த்தால் 480. இடைப்பட்ட 180 எங்கே போனது?

அளக்காமல் தெரியாது

மைலேஜ் அளக்க நம்பகமான வழி, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரைக்குமான கணக்கு. சமதரையில் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டேங்க் வாயின் உள்விளிம்பு மாதிரி ஏதாவது ஒரு நிலையான அடையாளம் வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது பாதி டேங்காவது தீரும்வரை ஓட்டிவிட்டு, அதே அடையாளம் வரை மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். ஒரே ஒரு தடவை செய்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தனியாக, சுமையோடு, மலைப்பாதையில், எதிர்காற்றில் என்று சில தடவை பார்த்துவிட்டு, வந்த எண்களில் மிகக் குறைந்ததைப் பயணக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எண் பெருமை பேச உதவும். நடுவழியில் நிற்காமல் இருக்க மோசமான எண்தான் வேண்டும்.

பழைய பைக்குகளில் ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடுவது. கம்பெனி சொன்ன அளவிலிருந்து வேறுபட்ட டயர் போட்டிருந்தால் மீட்டர் கூடவோ குறையவோ காட்டும். 100 கிலோமீட்டர் போனதை மீட்டர் 105 என்று எண்ணினால், மைலேஜும் ரேஞ்சும் ஐந்து சதவீதம் கூடுதலாகத் தெரியும். செல்போன் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. ரேஞ்ச் கூடும் என்று டேங்க்கை வாய்வரை நிரப்பி வெயிலில் நிறுத்தாதீர்கள். வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் பெட்ரோல் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியோடு வந்த 12 லிட்டர், 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டர் அளவுக்குப் பெருகி மூடி வழியாகக் கசியும்.

ரிசர்வ் என்பது தனி டேங்க் அல்ல

புதிதாகப் பழைய வண்டி வாங்குபவர்கள் பலர், ரிசர்வ் என்றால் டேங்குக்குள் ஒரு குட்டி டேங்க் இருப்பதாக நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரே பெட்ரோல்தான். டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுதான் பெட்ரோல் காக். அதில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் செங்குத்தாக ஒரு சின்னக் குழாய் டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மற்றது அடித்தளத்தை ஒட்டி இருக்கும். 'ஆன்' நிலையில் உயரமான குழாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்குகிறது. மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வண்டி திக்கித் திணறும். காக்கை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினால் அடித்துளை திறந்து மிச்சம் வரும்.

அந்த அடித்துளைக்கு அருகேதான் துரு, மண், தண்ணீர் எல்லாம் தங்குகின்றன. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். பல வருஷம் ஓடிய வண்டியில் ரிசர்வுக்குத் திருப்பிய கொஞ்ச நேரத்தில், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட் அடைத்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். அதற்குப் பயந்து ரிசர்வைத் தொடாமலே காலம் தள்ளுபவர்கள், ஒவ்வொரு டேங்கிலும் இரண்டு லிட்டரை வெறும் சுமையாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்து, துருவை எடுத்து, காக்கின் வலையையும் வாஷரையும் மாற்றினால், அந்த இரண்டு லிட்டரில் அடியில் நின்றுவிடுவது போக மீதி கைக்கு வந்துவிடும். நமது கற்பனை வண்டிக்கு அது ஒன்றரை லிட்டர், இது ஒன்றே 45 கிலோமீட்டர்.

நடுவில் சட்டகத்தின் மேல் குதிரைச் சேணம் மாதிரி உட்காரும் டேங்குகளில், காக் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், எதிர்ப்பக்கப் பையில் கொஞ்சம் பெட்ரோல் மாட்டிக்கொள்ளும். வண்டி நின்றுபோனால் காக் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். நடு மேட்டைத் தாண்டி பெட்ரோல் இந்தப் பக்கம் வந்து விழும். பக்கத்து ஊர் வரை போக அது போதலாம்.

உங்கள் வண்டியின் உண்மையான கொள்ளளவைத் தெரிந்துகொள்ளவும் ஒரு எளிய வழி இருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ரிசர்வில் வைத்து டேங்க்கை வடித்துவிடுங்கள். பிறகு அளவுக் கேனால் ஊற்றி நிரப்புங்கள். உள்ளே போன லிட்டர்தான் நீங்கள் பயன்படுத்தக்கூடியது. அடியில் வராமல் நிற்கும் அரை லிட்டர் இந்தக் கணக்கில் தானாகவே கழிந்துவிடும்.

டேங்க் மூடியில் காற்று உள்ளே வர ஒரு நுண்துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பாதி டேங்க் இருக்கும்போதே வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி கிளம்பினால், குற்றவாளி அந்தத் துளைதான். ஒரு மெல்லிய கம்பி போதும்.

கார்புரேட்டர்: பெரிய கசிவு இங்கேதான்

இப்போது மைலேஜுக்கு வருவோம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இதைவிடப் பெட்ரோல் கூடினால் எரியாத பெட்ரோல் சைலென்சர் வழியாகப் போய்விடும். பழைய கார்புரேட்டர்கள் தேயத் தேய, பெரும்பாலும் பெட்ரோல் கூடும் பக்கமாகவே சாய்கின்றன. அதனால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், இழுக்கும், மைலேஜ் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

கார்புரேட்டர் ஒரே ஜெட்டால் வேலை செய்வதில்லை. ஐடிலிங்கில் பைலட் ஜெட். ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கும்போது மெயின் ஜெட். நடுவில், அதாவது கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, ஊசியும் அது இறங்கும் ஊசி ஜெட்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் மணிக்கணக்கான நேரம் முழுக்க இந்த நடுப்பகுதியில்தான் கழிகிறது. ஊசி அதிர்ந்து அதிர்ந்து பித்தளை ஜெட்டின் வட்டத் துளையை நீள்வட்டமாக்கிவிடும். துளை பெரிதானால் பெட்ரோல் கூடுதலாக வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். மைலேஜ் வேண்டும் என்று மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் மிச்சம் வராது. முழு வேகத்தில் எஞ்சின் சூடாவதுதான் நடக்கும். பணத்தை ஊசிக்கும் ஊசி ஜெட்டுக்கும் செலவழியுங்கள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் மிதவை அறையும் கவனிக்க வேண்டிய இடம். மிதவையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அது பெட்ரோல் குடித்துத் தாழும். பெட்ரோல் மட்டம் ஏறும், எல்லா வேகத்திலும் கலவை கெட்டியாகும், அதாவது அதில் பெட்ரோல் கூடும். மிதவை வால்வு தேய்ந்திருந்தால் ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டும். வண்டி நின்றிருக்கும்போதும் சொட்டும் என்பதால், காக்கை மூட மறந்தால் காலையில் டேங்க் குறைந்திருக்கும். சோக் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்வு இல்லையென்றால் சோக் முழுசாக விலகாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அழுக்கேறிய ஏர் ஃபில்டரும் காற்றைத் தடுத்து இதே விளைவைத் தரும்.

வெற்றிடத்தால் திறக்கும் காக் உள்ள வண்டிகளில் இன்னொரு ரகசியக் கசிவு உண்டு. காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால், வெற்றிடக் குழாய் வழியாகவே பெட்ரோல் எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும். அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஈரமோ பெட்ரோல் வாசனையோ இருந்தால் டயாஃப்ரம் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, எல்லாம் ஒழுங்கான பிறகு கலவையை இன்னும் மெலிதாக்கலாமா? ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினால் ஊசி கீழே இறங்கும், நடுவேகத்தில் பெட்ரோல் குறையும். ஒரு காடி வரை சோதித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். காற்றால் குளிரும் பழைய எஞ்சின் தன் சூட்டைத் தாங்க ஓரளவு பெட்ரோலையும் நம்பியிருக்கிறது. கலவை மிகவும் மெலிந்தால் பிஸ்டன் வரை சேதம் போகும். சோதிக்க, வழக்கமான பயண வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஐடிலிங்கில் விடாமல் அப்படியே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கறுப்புப் புகைத்தூள் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெந்திருந்தால் உடனே கிளிப்பைப் பழைய இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பாயின்ட் (திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் சுவிட்ச்) உள்ள வண்டி என்றால், பொறி விழும் நேரமான டைமிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கேம்மை உரசும் பாயின்ட்டின் குதி தேயும்போது இடைவெளி குறையும், தீப்பொறி தாமதமாகும், எரியும் பெட்ரோலின் சக்தியில் ஒரு பங்கு சூடாக வீணாகும். வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே தள்ளும் எடைகள் துருப்பிடித்து இறுகினாலும் இதே கதைதான். எஞ்சின் வால்வுகளுக்கான டேப்பெட் இடைவெளியையும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

உருள வேண்டியது உருளட்டும்

வண்டியை ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிரம் பிரேக்கின் கேம் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால் லைனிங் முழுசாக விலகாது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோனால், சூடே காட்டிக்கொடுத்துவிடும். டயர் காற்று குளிர்ந்த நிலையில், சுமைக்கேற்ப, கையேட்டில் சொன்ன அளவு. செயின் இறுக்கம் சரியாக, எண்ணெயோடு இருக்க வேண்டும். இதில் விளக்க வேறொன்றும் இல்லை.

வேகம்தான் பெட்ரோலைக் குடிக்கிறது

வண்டியில் எதையும் மாற்றாமல் ரேஞ்சைக் கூட்ட வேண்டும் என்றால் வலது மணிக்கட்டு போதும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 75 கிலோமீட்டரிலிருந்து 90க்கு ஏற்றினால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 44 சதவீதம் கூடிவிடுகிறது. அதே தூரத்தைக் கடக்க எஞ்சின் அந்த எதிர்ப்பு முழுவதையும் தள்ளியாக வேண்டும். பைக்கும் அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்த ஆளும் காற்றைக் கிழிக்க ஏற்ற வடிவமே இல்லை. எதிர்க்காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 75இல் போகும் வண்டிமேல் மோதுவது 90 வேகக் காற்று. பக்கங்களில் அகலமாகத் தொங்கும் பெட்டிகள் சமதரையில் தங்கள் எடையைவிட அகலத்தால்தான் அதிகம் கெடுக்கின்றன. சாமானை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், உடம்பின் அகலத்துக்குள் கட்டுவது நல்லது.

நம் கற்பனை வண்டிக்குத் திரும்புவோம். டேங்க் சுத்தமாகி 11.5 லிட்டரும் நம்பகமாகிவிட்டது. கார்புரேட்டரும் டைமிங்கும் சரியானதில் மைலேஜ் 30லிருந்து 36க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரேஞ்ச் 414. 90இல் ஓட்டியவர் 75க்கு இறங்கியதில் 40 கிடைத்தால் 460. இதே வண்டியைப் பழைய நிலையிலேயே விட்டு ஐந்து லிட்டர் கேனை மட்டும் கட்டியிருந்தால் 15 பெருக்கல் 30, ஆக 450.

செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவதும் பழைய பைக்காரர்களுக்குப் பிடித்த வழி. 15 பல்லுக்குப் பதில் 16 போட்டால், அதே சாலை வேகத்தில் எஞ்சின் சுழற்சி 6 சதவீதம் குறையும். எஞ்சினில் இழுவை மிச்சம் இருந்தால் இதில் பலன் உண்டு. சின்ன எஞ்சினில், சுமையோடு, ஏற்றத்தில் ஒவ்வொரு தடவையும் கியர் குறைக்க வேண்டி வந்தால் பலன் தலைகீழாகும். செயின் உறையில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மாய மருந்து, இவற்றின் பக்கமே போக வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் எதையும் காணவில்லை என்று சொல்லியிருக்கிறது. எஞ்சின் கேட்காத உயர் ஆக்டேன் பெட்ரோலும் தூரத்தைக் கூட்டாது. எத்தனால் கலந்த பெட்ரோலில் மட்டும் உண்மையாகவே தூரம் குறையும். எத்தனாலுக்கு ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பத்து சதவீதக் கலவையில் மூன்று சதவீதம் அளவுக்கும், இருபதில் ஆறேழு சதவீதம் அளவுக்கும் ஆற்றல் குறையும். பழைய ரப்பர் குழாய்களையும் சில ஃபைபர் டேங்குகளையும் அது கெடுக்கும் என்பதால், குழாய், வாஷர் எல்லாம் மாற்றும்போது எத்தனால் தாங்கும் வகையாக வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாதென்றால்

அப்போது பெரிய டேங்க் நியாயம்தான். பாலைவன ரேலிகளின் காலத்தில் கம்பெனிகளே இதைச் செய்தன. 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வண்டியின் டேங்க் 19.5 லிட்டர், 1984இல் வந்த அதன் பாரிஸ்-டாக்கார் வகையில் 32 லிட்டர். யமஹா 1983இல் கொண்டுவந்த எக்ஸ்டி600இசட் டெனெரேயில் சுமார் 30 லிட்டர் பிடித்தது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ எடை என்பதால், கூடுதல் 12 லிட்டர் என்றால் 9 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். நிரப்பிய முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவுகளில் அது தெரியும். பிளாஸ்டிக் டேங்க் துருப்பிடிக்காது, இலேசானது. ஆனால் பெட்ரோல் ஆவி மெல்ல ஊடுருவி வெளியேறுவதால் அதன்மேல் பெயின்ட்டோ ஸ்டிக்கரோ நிலைக்காது, கொப்புளம் கட்டும்.

துணை டேங்க் பொருத்துபவர்கள், அதைப் பிரதான டேங்குக்கு மேலே வைத்தால் புவியீர்ப்பிலேயே பெட்ரோல் இறங்கும். கீழே வைத்தால் பம்ப் வேண்டும். அல்லது பிரதான டேங்கின் காற்றுத்துளைக்குத் துணை டேங்கிலிருந்து குழாய் கொடுத்து, பிரதான டேங்கில் உண்டாகும் வெற்றிடமே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இப்படி உறிஞ்சும் முறையில் எங்காவது காற்றுக் கசிந்தால் வேலை செய்யாது. முதல் துணை டேங்கை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

எப்போதாவது ஒருமுறை போகும் வறண்ட பாதைக்கு ஒரு கேன் போதும். பெட்ரோலுக்கென்றே செய்த கேனாக இருக்க வேண்டும், தண்ணீர் கேன் கூடாது. சில நாடுகளில் கேனில் கொண்டுபோக அளவு வரம்பு உண்டு, சில இடங்களில் கேனில் ஊற்றவே மாட்டார்கள். நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். நிலைமின் பொறி உண்டாகும் வாய்ப்பு அதனால் குறையும். விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். சைலென்சருக்கு எதிர்ப்பக்கமாக, முடிந்தவரை தாழ்வாகக் கட்டுங்கள். ரிசர்வ் வரும்வரை காத்திருக்காமல், டேங்கில் அவ்வளவு இடம் கிடைத்ததுமே, எஞ்சினை அணைத்து ஆறவிட்டுக் கேனைக் கவிழ்த்துவிடுங்கள். சுமையும் ஆபத்தும் சீக்கிரம் குறையும், ரிசர்வும் தொடப்படாமல் இருக்கும். காலியான கேனை அலட்சியமாகத் திறந்து வைக்காதீர்கள். உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி, நிரம்பிய கேனைவிட எளிதில் தீப்பிடிக்கும்.